ஒரு ரப்பர் வேர்ல்ட் சாம்பியன்ஷிப்பையே புரட்டிப் போட்ட கதை

(ஸ்கிரீன் கறுப்பா இருக்கு, சத்தம் மட்டும் கேக்குது)

டக்... டக்... டக்... டக்...

இந்த சத்தத்த கொஞ்சம் மனசுல வெச்சுக்கோங்க. 1950 வரைக்கும் டேபிள் டென்னிஸ்னா இந்த சத்தம்தான். ஒரு மரப்பலகை, அது மேல சின்ன சின்ன புள்ளியா இருக்குற மெல்லிசு ரப்பர், பேட்டே அவ்ளோதான். எதிராளி எவ்ளோ பலமா அடிச்சிருக்கார்னு கண்ணு பாதி சொல்லும், காது மீதி சொல்லும்.

அந்த பேட்ல ஒரு பிரச்சனை இருந்துச்சு. பந்துக்கு பெரிய சுழற்சியும் குடுக்க முடியாது, பெரிய வேகமும் குடுக்க முடியாது, அதனால தள்ளி நின்னு திருப்பித் திருப்பி போட்டுட்டே இருக்குறவர தோக்கடிக்கிறது ரொம்ப கஷ்டம். இது எங்க போய் முடிஞ்சதுன்னு பாருங்க. 1936, பிராக் நகரம், வேர்ல்ட் சாம்பியன்ஷிப். போலந்தோட எர்லிக்கும் ருமேனியாவோட பனெத்தும் ஆடுறாங்க. முதல் பாயிண்ட். ரெண்டு பேரும் அடிக்கவே மாட்டேங்குறாங்க, தள்ளிட்டே இருக்காங்க. அந்த ஒரே ஒரு பாயிண்ட் முடிய 2 மணி நேரத்துக்கு மேல ஆச்சு! மேட்ச் இல்லைங்க, ஒரு பாயிண்ட்.

உடனே நெட்டோட உயரத்த குறைச்சாங்க, ஆட்டத்துக்கு டைம் லிமிட்டும் வெச்சாங்க. ஆனா அடுத்த வருஷமே அந்த டைம் லிமிட் ரெண்டு பேரோட கனவ உடைச்சிருச்சு. 1937 பெண்கள் ஃபைனல், அமெரிக்காவோட ரூத் ஆரன்ஸ், ஆஸ்திரியாவோட ட்ரூட் பிரிட்ஸி. டைம் தாண்டிருச்சுன்னு சொல்லி யாருக்குமே பட்டம் குடுக்கல. ரெண்டு பேரும் சாம்பியன்தான்னு அறிவிச்சது எப்போ தெரியுமா, 2001ல. 64 வருஷம் கழிச்சு. என்னால இத இன்னும் ஏத்துக்க முடியல.

(பழைய பம்பாய் படம்)

இப்போ 1952க்கு வாங்க. 1926ல லண்டன்ல ஆரம்பிச்ச வேர்ல்ட் சாம்பியன்ஷிப் முதல் தடவையா ஆசியாவுக்கு வருது, நம்ம பம்பாய்க்கு. அதுவரைக்கும் இது பெரும்பாலும் ஐரோப்பாக்காரங்க ஆட்டம், அதுலயும் ஹங்கேரின்னா ஒரு பயம், அந்த நாட்டோட விக்டர் பார்னா மட்டுமே 5 தடவ சிங்கிள்ஸ் பட்டம் ஜெயிச்சவர்.

அங்க கண்ணாடி போட்ட ஒரு ஜப்பான்காரர் வர்றார், ஹிரோஜி சாட்டோ. அவர் பேட்ல புள்ளி ரப்பர் இல்ல, தடிமனா ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கு.

அவர் அடிச்சா சத்தமே வரல.

எதிர்ல நிக்கிறவங்க தடுமாறிப் போயிட்டாங்க. பல வருஷமா காதும் கண்ணும் சேர்ந்து பழகின ஆட்டம், திடீர்னு காது வேல செய்யல. அதுக்கு மேல, பந்து ஸ்பாஞ்ச்சுக்குள்ள கொஞ்சம் அமுங்கி, ஒரு கண நேரம் தங்கி, கவண்ல இருந்து கல்லு பறக்குற மாதிரி கிளம்புது. மெதுவா வரும்னு நினைச்ச பந்து அதுக்குள்ள நம்மள தாண்டிப் போயிருக்கும். சாட்டோ ஃபைனல்ல ஹங்கேரியோட யோசெஃப் கோசியான ஜெயிச்சு சாம்பியன் ஆயிட்டார். அதே பம்பாய்ல ஜப்பான் பெண்கள் டீமும் கப் ஜெயிச்சாங்க. 1954ல இச்சிரோ ஒகிமுராவும் ஸ்பாஞ்ச் பேட்டோடதான் ஜெயிச்சார், அதுக்கப்புறம் பழைய பேட்ட நம்பி யாரும் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கல.

இது ஆட்டமா, கருவியோட ஜாலமான்னு பெரிய சண்ட. கடைசியா 1959ல தீர்ப்பு வந்துச்சு: வெறும் ஸ்பாஞ்ச் கூடாது, மேல ரப்பர் கண்டிப்பா இருக்கணும், பசையோட சேத்து மொத்தம் 4 மில்லிமீட்டர் தாண்டக்கூடாது. இன்னிக்கும் அதே 4 மில்லிமீட்டர்தான்! எனக்கு கேட்டா அது ரொம்ப சரியான முடிவு, தடை பண்ணிட்டு பழைய தள்ளு ஆட்டத்துக்கே போயிருந்தா இன்னிக்கு நாம பாக்குற டாப்ஸ்பின் ஆட்டமே, அதாவது பந்த முன்னாடி உருள்ற மாதிரி சுத்தி விட்டு அடிக்கிற ஆட்டமே, இருந்திருக்காது.

அப்புறம் பேட்டுல ஒரு பக்கம் கறுப்பு, இன்னொரு பக்கம் வேற கலர்னு பாக்குறீங்கள்ல, அது அழகுக்காக இல்ல. ஒரு பக்கம் நல்லா சுழற்றுற ரப்பர், மறு பக்கம் சுழற்சியே பிடிக்காத ஆன்டி ஸ்பின் ரப்பர், ரெண்டும் ஒரே கலர்ல ஒட்டிட்டு, பேட்ட கையில திருப்பித் திருப்பி ஆடினாங்க. எந்தப் பக்கம் பட்டுச்சுன்னே தெரியாது. அதனாலதான் 1980கள்ல ரெண்டு கலர் ரூல் வந்துச்சு.

இந்த ஆன்டி ரப்பர் என்ன செய்யுதுன்னு கொஞ்சம் பொறுமையா பாப்போம், ஏன்னா அடுத்த கதை முழுக்க அதுலதான் இருக்கு. சாதாரண ரப்பர் பந்த பிடிச்சு, நாம குடுக்குற சுழற்சிய ஏத்தி அனுப்பும். ஆன்டி வழவழன்னு இருக்கும், பந்த பிடிக்காது. அப்போ எதிராளி போட்ட சுழற்சி பெரிய அளவுல மாறாம பந்து திரும்புது. ஆனா பந்து போற திசை மாறிருச்சுல்ல, அதனால அவங்க போட்ட டாப்ஸ்பின் அவங்களுக்கே பேக்ஸ்பின்னா, அதாவது பின்பக்கமா சுத்துற பந்தா வந்து சேரும். அத வழக்கம்போல அடிச்சா பந்து கீழ இறங்கி நெட்ல விழும். எவ்ளோ சுத்தி விடுறாங்களோ அவ்ளோ தொல்ல அவங்களுக்கு.

(புசான் அரங்கம்)

2024 பிப்ரவரி, தென் கொரியாவோட புசான், டீம் வேர்ல்ட் சாம்பியன்ஷிப். டீமுக்கு 3 பேர், 5 சிங்கிள்ஸ், முதல்ல 3 ஜெயிக்கிறவங்களுக்கு வெற்றி. இந்தியப் பெண்கள், எதிர்ல சீனா. முதல் மேட்ச்ல உலக ரேங்க் 1, சுன் யிங்ஷா. நம்ம பக்கம் ரேங்க் 155, ஐஹிகா முகர்ஜி, பேக்ஹேண்ட்ல ஆன்டி ரப்பர்.

ஐஹிகா 3-1ல ஜெயிச்சாங்க!

சுன் யிங்ஷா அடிக்கிற பந்து நெட்ல விழுது, மறுபடி அடிச்சா மறுபடி நெட்டு. மூணாவது மேட்ச்ல ஸ்ரீஜா அகுலா வாங் யிதிய நேரா 3-0ல தோக்கடிச்சப்போ இந்தியா 2-1 முன்னாடி. சீனாவுக்கு எதிரா, 2-1. அப்புறம் சுன் யிங்ஷா திரும்பி வந்து மணிகா பத்ராவ ஜெயிச்சாங்க, அஞ்சாவது மேட்ச்ல வாங் மன்யு ஐஹிகாவ ஜெயிச்சாங்க, சீனா 3-2ன்னு தப்பிச்சுது.

அந்த முதல் மேட்ச தேடிப் பாருங்க, சவுண்ட நல்லா கூட்டி வெச்சு பாருங்க. ஐஹிகாவோட பேக்ஹேண்ட்ல பந்து படுற சத்தமும் ஃபோர்ஹேண்ட்ல படுற சத்தமும் ஒண்ணா இருக்கான்னு உங்க காதே சொல்லட்டும்.