கையொப்பம் யாருடையது?

நேயர்களுக்கு வணக்கம்.

பேங்க்கில் செக்கை நீட்டினால், நாம் கொடுத்து வைத்த மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எத்தீரியம் என்ற கிரிப்டோ பண வலையமைப்பில் மாதிரி என்று எதுவும் கிடையாது. பரிவர்த்தனையில் அனுப்பியவரின் முகவரி, அதாவது கணக்கு எண் மாதிரியான அடையாளம், கூட இருக்காது. ஆர், எஸ் என்று இரண்டு பெரிய எண்கள், வி என்று ஒரு சின்ன எண், அவ்வளவுதான் கையொப்பம். அதையும் பரிவர்த்தனையின் ஹாஷையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை மாதிரியான எண்) சேர்த்துக் கணக்குப் போட்டால், கையெழுத்திட்டவரின் பொதுத் திறவுகோல் (யாருக்கும் காட்டக்கூடிய சாவி) கிடைக்கும். அதை மறுபடி ஹாஷ் செய்து கடைசி 20 பைட்டை எடுத்தால், முகவரி.

சர்வர் நிரல் எழுதுபவர்கள் வழுக்குவது இங்கேதான். இந்தக் கணக்கு அநேகமாக ‘தப்பு’ என்றே சொல்லாது. ஹாஷில் ஒரே ஒரு பிட்டை மாற்றிக் கொடுத்தாலும், பெரும்பாலும் யாருக்கும் சொந்தமில்லாத ஏதோ ஒரு முகவரியை நீட்டும். பிழை வரவில்லையே, கையொப்பம் சரிதான் என்று விட்டால் போச்சு.

நாங்களும் விழுந்திருக்கிறோம். பழைய வேலை ஒன்றில் பிரவுசரிலிருந்தே ஹாஷ், கையொப்பம், முகவரி மூன்றையும் வாங்கி, பொருந்துகிறதா என்று பார்த்தோம். பொருந்தியது! ஆனால் தொகை தனியாக வந்துகொண்டிருந்தது. 10க்குக் கையெழுத்துப் போட்டு 1000 என்று அனுப்பினாலும் சர்வர் தலையாட்டும். சோதனைப் பிரிவுத் தோழி ஒருவர் அதைச் செய்தே காட்டினார். அப்புறம்தான் முழுப் பரிவர்த்தனையை வாங்கி, தொகையை அதிலிருந்தே எடுத்து, ஹாஷையும் சர்வரே போடும்படி மாற்றினோம்.

மறுநாள் வேறு கூத்து. உண்மையான ஆட்களையே சர்வர் விரட்டியது. எத்தீரிய முகவரியில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்து வருவது தட்டச்சுப் பிழையைப் பிடிக்கத்தான், முகவரி மாறுவதில்லை. நாங்கள் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டிருந்தோம்.

எந்த வலைக்கான பரிவர்த்தனை என்று காட்டும் சங்கிலி எண்ணையும் பார்க்க வேண்டும். 2016 ஜூலையில் எத்தீரியம் பிரிந்து எத்தீரியம் கிளாசிக் தனியானபோது, ஒரு பக்கம் போட்ட கையொப்பம் மறுபக்கமும் செல்லுபடியானது. ஒரு பக்கம் காசு அனுப்பியவரின் கணக்கிலிருந்து இன்னொரு பக்கமும் காசு கழன்று போனது. அந்த ஆண்டு நவம்பரில்தான் சங்கிலி எண்ணையும் சேர்த்துக் கையொப்பமிடும் முறை வந்தது. எண் இல்லாத பழைய பாணிப் பரிவர்த்தனை இன்றும் செல்லும் என்பதால், எங்கள் சர்வர் அதை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது.