மூன்று வயலின் வீடு

நேயர்களுக்கு வணக்கம். மூன்று வாரம் ஐரோப்பாவில் சுற்றிவிட்டு வந்தேன். என் போனில் கோட்டைகளும் தேவாலயங்களும் குறைவு, தெருப் பலகைகளும் சின்னங்களும்தான் நிறைய. ஏன் என்று வீட்டில் கேட்டார்கள். உங்களுக்கும் சொல்கிறேன்.

பிராக் நகரில் கோட்டைக்கு ஏறிப்போகும் மேட்டுத் தெரு ஒன்று உண்டு, பெயர் நெருடோவா. செக் மொழியில் எனக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. கடை வாசலில் எழுதியிருந்தது எதுவும் புரியவில்லை. தலையைத் தூக்கினால், 12-ஆம் எண் வீட்டு வாசலுக்கு மேலே மூன்று வயலின்கள்! வயலின் செய்யும் குடும்பத்தார் வாழ்ந்த வீடாம் அது. இன்னும் ஏறினால் 47-ஆம் எண்ணில் இரண்டு சூரியன்கள். எழுத்தாளர் யான் நெருடா வாழ்ந்த வீடு, தெருவுக்கே அவர் பெயர்தான்.

1770-இல், பேரரசி மரியா தெரேசாவின் ஆட்சியில், படைக்கு ஆள் எடுக்கக் கணக்கு வேண்டும் என்று வீடுகளுக்கு எண் போட்டார்கள். அதற்கு முன் இந்தச் சின்னம்தான் முகவரி. ‘மூன்று வயலின் வீட்டில் கொடுத்துவிட்டு வா’ என்றால் போதும், எழுத்து தெரியாத வேலைக்காரப் பையனும் சரியாகப் போய்ச் சேருவான். இத்தனை காலம் கழித்து, அதே சின்னங்கள் எனக்கும் வழி சொல்லின. அன்றிலிருந்து இந்தத் தேடல் பிடித்துக்கொண்டது.

இவை உயரத்தில் இருப்பதால், அடியில் நின்று எடுத்தால் படம் சரிந்துவிடும். எதிர்ச்சாரிச் சுவரோடு ஒட்டி நின்று, ஜூம் செய்து எடுங்கள். அப்புறம், சின்னத்தை மட்டும் எடுக்காதீர்கள். வாசலருகே சிவப்பிலும் நீலத்திலும் இரண்டு எண் தகடுகள் இருக்கும். சிவப்பு அந்த வட்டாரத்தின் பதிவு எண், நீலம் தெருவின் வரிசை எண். அவையும் படத்தில் விழட்டும். முதல் நாள் நான் இதைச் செய்யவில்லை. அன்றைய படங்களில் பாதி எந்த வீட்டுடையவை என்று இப்போது தெரியவில்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் கெட்ரைடகாஸே என்ற குறுகிய கடைத்தெரு. கடைதோறும் இரும்பில் வேலைப்பாடு செய்த சின்னங்கள் தெருவை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் வானம் வெளுத்திருப்பதால் இரும்பு கறுத்துப்போகும். திரையில் சின்னத்தின் மேல் விரலை வைத்து வெளிச்சத்தைக் கூட்டினால் சரியாகிவிடும்.

பெர்லினில் நான் நின்று நின்று எடுத்தது, சாலை கடக்கும் சிக்னலில் வரும் தொப்பிக்காரரை. 1961-இல் கிழக்கு பெர்லினில் கார்ல் பெக்லாவ் என்ற போக்குவரத்து உளவியலாளர் வரைந்த உருவம். சிவப்பில் கைகளை விரித்து மறிப்பார், பச்சையில் விறுவிறுவென்று நடப்பார். நிறம் பிரித்தறிய முடியாதவருக்கும் உருவமே சொல்லிவிடும். ஜெர்மனி ஒன்றான பிறகு இவரைக் கழற்றத் தொடங்கினார்கள். மக்கள் விடவில்லை. இன்று மேற்கு பெர்லினிலும் நடக்கிறார்.

அதே பெர்லினில், நடைபாதையில் காலடியில் ஏதோ மின்னியது. உள்ளங்கை அகலப் பித்தளைத் தகடு. நாஜிகள் கொண்டுபோனவர்களின் நினைவாக, அவர்கள் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டு வாசலில் குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் பதித்துவரும் கற்களில் ஒன்று. ஐரோப்பா முழுக்க இப்படி ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. இதில் உருவம் எதுவும் இல்லை, எழுத்து மட்டும்தான். பக்கத்தில் நின்ற பெண்மணியிடம் முதல் வரியைக் காட்டிக் கேட்டேன். ‘ஹியர் வோன்டெ’. இங்கே வாழ்ந்தார். நான் கற்ற முதல் ஜெர்மன் சொற்கள் அவை.

படமெடுக்கக் குனிந்தபோது என் நிழல் தகட்டின் மேல் விழுந்தது. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, பெயரும் பிறந்த ஆண்டும் தெளிவாகத் தெரியும்படி மறுபடி எடுத்தேன்.