பெட்டிக்குள் எந்தப் படம்?

வணக்கம் நேயர்களே. ஒரு படம் திரையரங்கை விட்டுப் போன சில மாதங்களில் டிவிடி, ப்ளூ-ரே வட்டாக வரும். பிறகு இன்னொரு வட்டு வரும். அதன் அட்டையில் 'நீட்டிக்கப்பட்ட பதிப்பு' என்றோ 'இயக்குநர் பதிப்பு' என்றோ போட்டிருக்கும். முதல் வட்டை வாங்கியவர் இதையும் வாங்க வேண்டுமா? ரசிகர்களுக்குள் ஓயாத வழக்கு இது. நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: கூடிய காட்சி படத்துக்குள் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். நிமிடக் கணக்கு அதற்குப் பிறகுதான்.

ரிட்லி ஸ்காட்டின் 'கிங்டம் ஆஃப் ஹெவன்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2005இல் திரையரங்குக்கு வந்தபோது 144 நிமிடம். மறு ஆண்டு டிவிடியில் வந்த இயக்குநர் பதிப்பில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் கூடுதல். அதில் முக்கியமானது ஒரு சிறுவனின் கதை. அரசி சிபில்லாவின் மகன் அவன். முடிசூட்டிய பிறகு, முன்பு அரசனாக இருந்த மாமனைப் போல அவனுக்கும் தொழுநோய் என்று தெரிகிறது. அவன் அணு அணுவாகச் சாவதைப் பார்க்க மாட்டாமல் தாயே காதில் நஞ்சு ஊற்றிக் கொன்றுவிடுகிறாள். திரையரங்குப் பதிப்பில் அந்தச் சிறுவனே இல்லை. ஆனால் கண்ணாடி முன் நின்று அவள் கூந்தலை வெட்டிக்கொள்ளும் காட்சி மட்டும் இருக்கிறது! பார்த்தவர்களுக்கு இவளுக்கு என்ன வந்தது என்றே விளங்கவில்லை. மகனைத் திருப்பிக் கொண்டுவந்ததும் அந்தக் கூந்தலுக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. இதைத்தான் வேலை செய்யும் காட்சி என்கிறேன்.

நீளமாக்கினால் மட்டும் போதாது, முடித்துத் தரவும் வேண்டும். 'த லார்டு ஆஃப் த ரிங்ஸ்' முதல் பாகம் 178 நிமிடத்திலிருந்து 208 ஆனபோது, சேர்த்த காட்சிகளுக்கு ஹோவர்டு ஷோர் புதிதாக இசையமைத்தார். வரைகலை வேலையும் முழுதாக நடந்தது. அதனால் ஒட்டுப்போட்ட தையல் தெரியவில்லை. வட்டின் மூலையில் 'நீக்கப்பட்ட காட்சிகள்' என்று கிடப்பவை வேறு சங்கதி. தற்காலிக இசை, பின்னணி சேர்க்காத வெறும் பச்சைத் திரை, மங்கிய படம் என்று பெரும்பாலும் அரைகுறையாகவே இருக்கும். இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

'இயக்குநர் பதிப்பு' என்றாலே நீளம் என்பதும் இல்லை. அதே ரிட்லி ஸ்காட்டின் 'ஏலியன்' படத்துக்கு 2003இல் வந்த இயக்குநர் பதிப்பு, 1979இன் மூலப் படத்தைவிட ஏறக்குறைய ஒரு நிமிடம் குறைவு. மூலப் படமே நிறைவானது என்பதுதான் ஸ்காட்டின் கருத்தும்.

இனி என் மனக்குறைக்கு வருகிறேன். புதுப் பதிப்பு எதுவாகவும் இருக்கட்டும், மக்கள் முதலில் பார்த்த படமும் நல்ல தரத்தில் கிடைக்க வேண்டும். 'ஸ்டார் வார்ஸ்' முதல் மூன்று படங்களை 1997இல் மாற்றினார்கள். பழைய வடிவம் 2006இல் டிவிடியில் இணைப்பு வட்டாக வந்தது. அதுவும் டிவிடிக்கு முந்தைய பெரிய வட்டான லேசர்டிஸ்க்குக்காக 1993ஆம் ஆண்டு எடுத்த பிரதியிலிருந்து! அகலத் திரைத் தொலைக்காட்சியில் போட்டால் நாலு பக்கமும் கறுப்புப் பட்டை, நடுவில் சிறு படம். திரும்பவும் சொல்கிறேன்: பெட்டியின் பின்புறத்தில் 'திரையரங்குப் பதிப்பு' என்ற சொல்லைத் தேடுங்கள்.

நிமிடக் கணக்கில் ஒரு பொறியும் உண்டு. 'பால்' (PAL) என்ற பழைய தொலைக்காட்சி முறைக்கான டிவிடிகளில் நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) ஓட வேண்டிய படம் 25 ஆக ஓடும். 100 நிமிடப் படம் 96இல் முடிந்துவிடும். குரலும் சற்றுக் கீச்சென்று இருக்கும். காட்சியை வெட்டிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். வட்டின் நிமிடத்தை 25ஆல் பெருக்கி 24ஆல் வகுத்தால் உண்மையான நீளம் தெரிந்துவிடும். ப்ளூ-ரேயில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.

ஒரே வட்டில் இரண்டு பதிப்பும் இருந்தால், பொதுக் காட்சிகளை ஒரு தடவைதான் பதிந்திருப்பார்கள். கூடுதல் காட்சி வருமிடத்தில் வட்டை ஓட்டும் கருவி தாவிப் போய் எடுத்துவரும். வட்டில் இடம் மிச்சமாவதால் படத்தை அதிகம் நசுக்கித் தரத்தைக் குறைக்க வேண்டியதில்லை. சில பழைய கருவிகள் தாவும்போது ஒரு கணம் உறையும், ஒலி அறுபடும். வட்டை மாற்றிக் கேட்பதற்கு முன் கருவியின் மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். படம் ஓடும்போதே இயக்குநர் பேசி விளக்கும் ஒலித்தடத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஒன்று மட்டும்: சில பெட்டிகளில் அது ஒரு பதிப்புக்கு மட்டும்தான் இருக்கும். எதற்கு என்று பார்த்து வாங்குங்கள். வணக்கம்.