பெல்ட் மாற்றினோம், ஏற்றத்தில் இழுக்கவில்லை

நேயர்களுக்கு வணக்கம். ஹட்டன் பக்கத்தில் கராஜ் நடத்துகிறவன் என்பதால் டைமிங் பெல்ட்டைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். எஞ்சினின் கீழ்த்தண்டான கிராங்கையும், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேமையும் கணக்குத் தப்பாமல் சேர்த்துச் சுழற்றும் பல்வைத்த பட்டைதான் அது. பெல்ட்டை எப்போது மாற்றுவது என்பது ஓட்டுநர்களுக்குத் தெரிந்த கணக்குத்தான். பழைய ஜப்பான் வண்டிகள் பலவற்றுக்கு 1,00,000 கிலோமீட்டர். டொயோட்டாவின் டொல்பின் வானில் அதற்கென்று ஒரு விளக்கே எரியும். மாற்றிய பிறகு வரும் தொல்லையைத்தான் இன்று பேசப்போகிறேன்.

புது பெல்ட் போட்ட வண்டி கராஜ் வாசலில் நன்றாகவே ஸ்டார்ட் ஆகும். டவுனுக்குள் ஒரு சுற்று ஓட்டினாலும் குறை தெரியாது. தலவாக்கலை தாண்டி நானுஓயா ஏற்றம் பிடித்ததும்தான் குட்டு வெளிப்படும். இரண்டாம் கியரில் ஏறிய வளைவு இப்போது முதல் கியர் கேட்கிறது. உடனே பிளக் மாற்று, பில்டர் மாற்று, சென்சரைக் கழற்று என்று பணம் கரையும். சிலர் குளிர் என்பார்கள், சிலர் உயரம் என்பார்கள். உயரத்தில் உண்மை உண்டு: ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரமுள்ள நுவரெலியாவில் டர்போ இல்லாத எஞ்சின் தன் வலுவில் ஆறில் ஒரு பங்கை இழந்துவிடும். ஆனால் அது பெல்ட் மாற்றுவதற்கு முன்பும் இருந்ததுதானே? ஒரே வாரத்தில் மலை வளர்ந்துவிடாது.

பெல்ட்டை ஒரு பல் தள்ளிப் பூட்டியிருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். கிராங் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. கிராங் சக்கரத்தில் 20 பல் இருந்தால், ஒரு பல் தவறினாலே கிராங்கின் கணக்கில் 18 பாகை பிசகும். கேம் அந்த அளவு பின்தங்கினால் காற்றை உள்ளே விடும் வால்வு தாமதித்து மூடும். ஏற்றத்தில் மெதுவாகச் சுற்றும் எஞ்சின் உள்ளிழுத்த காற்றில் கொஞ்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். வேகமாகச் சுற்றும்போது இது அவ்வளவாகத் தெரியாது. அதனால்தான் சமதரையில் தப்பித்த பிழை ஏற்றத்தில் பிடிபடுகிறது.

எதையும் வாங்குமுன் மூடியைக் கழற்றிக் குறிகளைப் பாருங்கள். கொரோலா 110-இல் கீழ் மூடியில் 0, 10 என்று பொறித்திருக்கும். 10 என்பது பற்றவைப்புக்கான குறி. பெல்ட் பூட்டும்போது கிராங் புல்லியின் வெட்டு 0-இல் நிற்க வேண்டும். அவசரத்தில் இது மாறிப்போவதைப் பல தடவை கண்டிருக்கிறேன். மேலே கேம் சக்கரத்தின் சிறு துளை வழியாகப் பார்த்தால் பின்னாலுள்ள பெயரிங் மூடியின் வெட்டுக்குறி நேராகத் தெரிய வேண்டும். வெளிப்புல்லியின் குறியை மட்டும் நம்பாதீர்கள். நடுவிலுள்ள ரப்பர் நைந்திருந்தால் வெளிவளையம் நழுவிக் குறி பொய் சொல்லும். உள்ளே பல்சக்கரத்தில் உள்ள குறிதான் சாட்சி.

பிறகு பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங் போல்ட்டில் ஸ்பெனரைப் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று. எங்காவது கெட்டியாகத் தட்டினால் நிறுத்துங்கள். வால்வு பிஸ்டனில் முட்டுகிறதோ என்று பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் ஸ்டார்ட்டரைத் தொடுவது மடத்தனம். சுற்றி முடித்ததும் பெல்ட்டில் அச்சடித்த கோடுகள் பழைய இடத்துக்கு வராது. பதற வேண்டாம், சக்கரக் குறிகள் சேர்ந்தால் போதும். சேரவில்லையென்றால், பெல்ட்டின் தொய்வு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பக்கம் இல்லாமல் எதிர்ப்பக்கம் தங்கியிருக்கும். டென்ஷனரைத் தளர்த்தி மறுபடி பூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்டிரிபியூட்டரைத் திருப்பி இதைச் சரிக்கட்டும் மெக்கானிக் பாஸ்மார் உண்டு. சத்தம் கொஞ்சம் அடங்கும். வால்வு பிந்தியது பிந்தியதுதான்.

டொல்பின் போன்ற டீசல் வண்டியில், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பம்ப்பின் சக்கரத்துக்கும் ஒரு குறி உண்டு. அது பிந்தினால் வெள்ளைப் புகை, முந்தினால் கடகடவென்ற தட்டல்.

இன்னொன்று நம் பக்கத்துக்கே உரியது. ஏற்றத்தைப் பார்த்து முதல் கியரில் நிறுத்திய வண்டி பின்னால் நகர்ந்தால் எஞ்சின் தலைகீழாகச் சுற்றும். டென்ஷனர் தளர்ந்திருந்தால் பெல்ட் அங்கேயே பல் தாண்டிவிடலாம். கியரை மட்டும் நம்பாமல் ஹேண்ட் பிரேக்கை இறுக இழுத்து, பின்சக்கரத்துக்கு ஒரு கல்லும் வையுங்கள்.