இரண்டு பையையும் கொண்டு வாங்க

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்திருக்கிறேன். 32 ஆண்டு தாதி வேலை பார்த்தேன், முதலில் தோட்டத்து மருந்தகத்தில், பிறகு அரசாங்க கிளினிக்கில். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் என்னை 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இயற்கை முறையில் உடம்பைப் பார்த்துக்கொள்வது பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். அந்தப் பேச்சை எடுத்தாலே கிளினிக் மேசையும் அதன் மேல் இருந்த இரண்டு பிளாஸ்டிக் பையும்தான் என் கண்முன் வந்து நிற்கும்.

அந்தப் பைகளைக் கொண்டு வந்த அக்கா செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கியவர். இனிப்பு நீர் இருந்தது. நீரிழிவு மாத்திரை, கிளினிக் தவணை எதையும் தவறவிட மாட்டார். ஆனாலும் கார்டில் இனிப்பு அளவு ஒவ்வொரு தவணையும் ஏறிக்கொண்டே போனது. முகத்தைப் பார்த்தேன். கன்னம் இரண்டும் உப்பிக் கண் சிறுத்திருந்தது. கை மெலிந்து, தோலில் அங்கங்கே நீலம் பாய்ந்திருந்தது.

"அக்கா, வேற ஏதாச்சும் மருந்து சாப்பிடுறீங்களா?"

"இல்லவே இல்ல மிஸ்ஸி."

கிளினிக் மாத்திரை இருந்த பையை மேசையில் வைத்தார். கூடைக்குள் இன்னொரு பை இருந்தது. அதையும் எடுக்கச் சொன்னேன். கொஞ்சம் தயங்கித்தான் எடுத்தார். உள்ளே ஒரு வெள்ளைப் போத்தல், அதில் பழுப்பு நிறத் தூள் அடைத்த குளிகைகள். இரவுச் சந்தையில் வாங்கியதாம். "இது மருந்து இல்ல மிஸ்ஸி, வேருதான். முட்டி வலிக்குச் சாப்பிடுறேன். மூணே நாள்ல வலி போயிடுச்சு" என்றார்.

மூன்று நாளில் வலி போனது என்றதும் எனக்குத் திக்கென்றது. பல வருடம் மூட்டை தூக்கித் தேய்ந்த முட்டியை எந்த வேரும் மூன்று நாளில் சரி செய்யாது. மருத்துவர் அந்தக் குளிகையைச் சோதனைக்கு அனுப்பினார். டெக்ஸாமெத்தாசோன் கலந்திருந்தது. அது ஸ்டீராய்டு வகை மருந்து. வலியைச் சட்டென்று அடக்கும், பசியைக் கிளப்பும். பிறகு முகத்தை உப்ப வைத்து, இனிப்பை ஏற்றி, எலும்பை அரிக்கும். இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. பல மாதம் சாப்பிட்டுவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய சுரப்பு வராமல் மயங்கி விழ நேரும். அதனால் இதைக் கேட்டு யாருக்காவது சந்தேகம் வந்தால் போத்தலைத் தூக்கி எறிய வேண்டாம், தானாக நிறுத்தவும் வேண்டாம். போத்தலோடு மருத்துவரைப் போய்ப் பாருங்கள். அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்.

நம் நாட்டில் முறையாகப் பதிவான பாரம்பரிய மருந்தின் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கி, எட்டு எண் வந்து, கடைசியில் 'டி' என்ற எழுத்து இருக்கும். சாய்த்துப் பார்த்தால் மினுங்கும் ஒட்டுத்தாளும் இருக்கும். அந்த எண்ணை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் இணையப் பதிவேட்டில் தட்டிப் பார்க்கலாம், பிள்ளைகளிடம் சொன்னால் கைப்பேசியில் பார்த்துத் தருவார்கள். வைத்தியம் பார்ப்பவர்களுக்கும் 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. கெப்பாலா பத்தாஸ் அரசு மருத்துவமனையில் 2007லேயே பாரம்பரிய மருத்துவப் பிரிவைத் திறந்துவிட்டார்கள். ஆகவே நாட்டு மருத்துவம் என்றால் மறைத்து மறைத்துச் செய்ய வேண்டிய காரியமே இல்லை. கிளினிக்கில் சொன்னால் திட்டுவார்கள் என்று பயந்துதான் நம் ஆட்கள் இரண்டாவது பையை வெளியே எடுப்பதில்லை. திட்டிய தாதிகள் இருந்தார்கள், அதையும் நான் ஒப்புக்கொள்கிறேன்.

லயத்து வீட்டுக்குப் பின்னால் என் அம்மா வைத்திருந்த தோட்டம் ஒரு பாய் விரிப்பை விடக் கொஞ்சம்தான் பெரிசு. வேலியோரம் முருங்கை, கிணற்றடியில் வல்லாரை, தகரக் கூரையில் பாகற்கொடி, படிக்கட்டுப் பக்கம் கற்பூரவள்ளி. சளி பிடித்தால் கற்பூரவள்ளி இலையைத் தணலில் வாட்டி, உள்ளங்கையில் கசக்கிப் பிழிவார். பச்சைச் சாறு நாலு சொட்டுத்தான் வரும். தொண்டைக்கு இதமாக இருக்கும், மூக்குத் திறக்கும். சளி என்னவோ தன் நாள் கணக்குப்படிதான் போகும், ஆனால் அந்த நாலு நாளையும் தாங்கிக்கொள்ள அந்தச் சாறு உதவியது. இஞ்சித் தண்ணீர், மிளகு ரசம், மஞ்சள் பால் எல்லாம் அந்த வகைதான். மஞ்சளின் சத்து உடம்பில் எளிதில் சேராது, மிளகு கூட இருந்தால் சேருவது கூடும். பாட்டிமார் மஞ்சள் பாலில் மிளகைத் தட்டிப் போட்டது வீண் இல்லை. தேன் மட்டும் ஒரு வயது ஆகாத குழந்தைக்கு நாக்கில் தொட்டும் வைக்காதீர்கள். பெரியவர்களை ஒன்றும் செய்யாத கிருமி பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சாகும்.

அம்மாவின் வைத்தியத்தில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது உப்புக் கஞ்சி. பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் அரிசியைக் குழைய வேக வைத்து, உப்புப் போட்டு, அகப்பையால் மசித்து, ஆற வைத்து, கரண்டி கரண்டியாக ஊட்டுவார். வாந்தி எடுத்தால் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஊட்டுவார். 1971இல் வங்காள தேச அகதிகள் இந்தியாவில் தங்கியிருந்த முகாமில் காலரா பரவியபோது ஏற்ற சலைன் போதவில்லை. திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை வாய் வழியாகக் கொடுக்கச் சொன்னார். அந்த முகாமில் சாவு பல மடங்கு குறைந்தது. இனிப்போ மாவுச்சத்தோ கூட இருந்தால்தான் குடல் உப்பையும் தண்ணீரையும் நன்றாக இழுத்துக்கொள்ளும். கஞ்சியில் இரண்டும் இருக்கின்றன. கஞ்சிக்கு நேரம் இல்லை என்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தட்டையாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு முக்கியம், உப்பு கூடிவிடக் கூடாது. பிள்ளை துவண்டு போனாலோ, மூத்திரம் போகவில்லை என்றாலோ கஞ்சியை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

அம்மாவின் தோட்டம் தொடக்கூடாத இடம் ஒன்று உண்டு. அது இனிப்பு நீர்க்காரர் காலில் வந்த புண். மஞ்சள், சாம்பல், அரைத்த இலை, காப்பித் தூள் என்று எல்லாவற்றையும் அந்தப் புண்களில் பார்த்துவிட்டேன். கழுவக் கழுவ வரும் அந்தத் தூளை இப்போதும் நினைத்தால் வயிறு கலங்குகிறது. உணர்ச்சி செத்த கால் வலிக்காது. வலிக்காததால் புண் ஆறுகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பத்து நாள் கழித்து வரும்போது விரல் கறுத்திருக்கும். தினம் ராத்திரி படுக்கும் முன் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். கீறல் இருந்தால் சுத்தத் தண்ணீரில் கழுவி, மறுநாளே கிளினிக்.

சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. நட்சத்திரப் பழம், அதாவது பெலிம்பிங், நம் ஊரில் கொல்லைக்குக் கொல்லை காய்க்கும். நல்ல உடம்புக்காரர் சாப்பிடலாம். சிறுநீரகம் பழுதானவருக்கு அதில் உள்ள நஞ்சு வெளியேறாது. விடாத விக்கலில் தொடங்கி, புத்தி தடுமாறி, வலிப்பு வரைக்கும் போகும். இளநீரும் அவர்களுக்கு ஆகாது, பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும். இரண்டும் மரத்தில் பறித்ததுதான், கலப்படமே இல்லாததுதான்.

இனி தேத்தண்ணிக்கு வருகிறேன். 2019இல் சுகாதார அமைச்சு எடுத்த கணக்கில் நாட்டில் வயது வந்த 100 பேரில் 18 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31 பேர். குடும்ப வாகு ஒரு காரணம்தான். ஆனால் என் அப்பா அம்மா காலத்தை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, பிறகு பால் வெட்ட நானூறு ஐந்நூறு ரப்பர் மரம், மேடு பள்ளம், தோளில் காண்டா என்ற காவடித்தடியில் பால் வாளி. அந்த வேலைக்கு அந்தச் சோறும் அந்தச் சீனியும் எரிந்து போனது. பிள்ளைகள் நாங்கள் தாமான் என்ற குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு வந்தோம், தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் போனோம். காண்டாவை இறக்கி வைத்துவிட்டோம். தட்டில் சோறு அதே குவியல், குவளையில் சீனி அதே அளவு.

தெருவோர ஒட்டுக்கடையில் தே தாரிக் என்ற பால் தேநீர் ஆற்றுவதை ஒரு நாள் பக்கத்தில் நின்று பாருங்கள். கெட்டியான இனிப்பு டின் பால் கரண்டியிலிருந்து நூல் மாதிரி இறங்கி குவளையின் அடியில் வெள்ளையாகத் தங்கும். ஒரு மேசைக்கரண்டி டின் பாலில் ஏறக்குறைய 10 கிராம் சீனி. இரண்டு கரண்டி ஊற்றினால் 20. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுதுக்கும் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. காலையில் பசியாறும்போதே கணக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது. போத்தல் பானத்துக்கு அரசாங்கம் 2019 ஜூலையில் சீனி வரி போட்டது, ஒட்டுக்கடைக் கரண்டியை நாம்தான் பிடிக்க வேண்டும். "கூராங் மானிஸ்", அதாவது இனிப்பு குறைவாக, என்று சொல்லத் தொடங்குங்கள். இரண்டு மாதம் போனால் நாக்கு பழகிவிடும், பிறகு "தே ஓ கோசோங்", அதாவது பாலும் சீனியும் இல்லாத தேநீர் கூடக் கசக்காது. என் வீட்டுக்காரருக்கு நான்கு மாதம் ஆனது.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் உட்காராமல் 15 நிமிடம் தாமான் தெருவில் நடங்கள். சாப்பிட்டதும் வேலை செய்யும் தசை ரத்தத்தில் ஏறும் இனிப்பை இழுத்துக்கொள்ளும். தட்டில் பாதி கீரை, காய். பாகற்காய் தாராளமாகச் சாப்பிடலாம், கறியாக. அதன் சாற்றைத் தினம் குவளை குவளையாகக் குடித்துக்கொண்டு மாத்திரையும் போட்டால், சிலருக்கு இனிப்பு தாழ்ந்து வியர்த்துக் கொட்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கீரை அளவைத் திடீரென்று கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

"மிஸ்ஸி, மாத்திரை கெமிக்கல்தானே?" என்று கேட்பார்கள். இனிப்பு நீருக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை வந்த வழியைச் சொல்வேன். ஐரோப்பாவில் கலேகா என்று ஒரு செடி, நாட்டு மருந்தாகப் பயன்பட்டது. அதன் சத்தை ஆராய்ந்த வழியில்தான் இந்த மருந்து பிறந்தது. ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1957இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். மூலிகைச் சத்தைப் போன்ற ஒன்றை, நஞ்சு குறைவாக, ஆய்வுக்கூடத்தில் செய்து, ஒவ்வொரு வில்லையிலும் ஒரே அளவு வைத்ததுதான் அந்த வெள்ளை மாத்திரை.

டெங்கியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பப்பாளி இலைச் சாறு குடிக்கிறோம் என்பவர்களை நான் தடுத்ததில்லை. ஆனால் காய்ச்சல் விட்ட பிறகு வரும் இரண்டு நாள்தான் ஆபத்தான நாள். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்வு, இதில் ஒன்று வந்தாலும் உடனே மருத்துவமனை. ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் வேண்டவே வேண்டாம். நம் முன்னோர் இந்த மண்ணில் மலேரியாவில் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன் கொயினா கொடுத்ததோடு சதுப்பை வெட்டி வடிகால் போட வைத்தார், காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. கொயினாவும் மரப்பட்டையில் எடுத்த மருந்துதான், அதற்கு மண்வெட்டி துணை நின்றது. நம் வீட்டில் மண்வெட்டி தேவையில்லை. பூச்சட்டித் தட்டு, பழைய டயர், வேலியோரம் கிடக்கும் கித்தா மங்கு என்ற ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணம், இவற்றை வாரம் ஒருமுறை கவிழ்த்தால் போதும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதற்குள் கொட்டிவிட வேண்டும்.

அந்த அக்காவுக்கு மருந்தைக் குறைத்துக் குறைத்து நிறுத்தவே பல மாதம் ஆனது. முட்டி வலி திரும்பி வந்தது, அதை மறைக்கவில்லை. காலை நீட்டி மடக்கும் பயிற்சி, வெந்நீர் ஒத்தடம், மருத்துவர் கொடுத்த வலி மாத்திரை என்று சமாளிக்கிறார். கன்னம் வற்றிப் பழைய முகம் வந்துவிட்டது. போன மாதம் வீட்டுக்கு வந்து, பேரனுக்குச் சளி என்று கற்பூரவள்ளிக் கிளை ஒன்று கேட்டார். இரண்டாக ஒடித்துக் கொடுத்தேன். "இதையும் கிளினிக்ல சொல்லணுமா மிஸ்ஸி?" என்றார். "சொல்லுங்கக்கா" என்றேன்.

நன்றி, வணக்கம்.