பந்தய மாமாவும் அவர் வீட்டு வாயில்லா ஜீவன்களும்

வணக்கம் மக்களே! இன்றைக்கு ரேஸ் கோர்ஸ் ரோட்டில் நடந்துகொண்டே பேசுகிறேன். பின்னால் மீன்தலைக் கறி வாசனை ஆளைத் தூக்குகிறது. அது வீடியோவில் வராது, உங்கள் நஷ்டம். ஆனால் இன்றைக்குச் சாப்பாடு இல்லை, எங்கள் மாமா கதை. பந்தய மாமா. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அத்தை என்னை வீட்டுப் படி ஏற விட மாட்டார்.

மாமாவையே கேமரா முன்னால் உட்கார வைக்கத்தான் பார்த்தேன். "இதை ஆயிரம் பேர் பார்ப்பார்கள், பார்க்க மாட்டார்கள், நீ எந்தப் பக்கம் மாப்ளே?" என்று கேட்டு ஐம்பது வெள்ளியை, அதாவது ஐம்பது டாலரை, எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். அதனால்தான் நானே சொல்கிறேன்.

முதலில் இந்த ரோட்டைப் பற்றிக் கொஞ்சம். சிங்கப்பூரின் முதல் குதிரைப் பந்தயம் 1843-ல் இங்கே, இந்த ஃபேரர் பார்க் திடலில்தான் ஓடியது. 1933-ல் குதிரைகள் புக்கிட் தீமாவுக்குப் போயின, 1999-ல் கிராஞ்சிக்கு. 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசிப் பந்தயத்தை ஓட்டிவிட்டு மூடிவிட்டார்கள். குதிரை இல்லாத நாளில் இந்தத் திடலில் விமானமும் இறங்கியிருக்கிறது. 1919-ல் ராஸ் ஸ்மித் என்பவர் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்த வழியில் இங்கேதான் இறங்கினார். திடலோ சின்னது, விமானமோ பெரியது. நிற்காமல் போய் முட்டிவிடும் என்று பயந்து, கூட வந்த மெக்கானிக் ஒருவர் விமானத்தின் முதுகின்மேல் ஊர்ந்து போய் வாலில் உட்கார்ந்தார். வால் தாழ்ந்தது, விமானம் நின்றது. சத்தியமாக, இது மாமா சொன்னதில்லை. சரித்திரம்.

மாமா சொன்னது இனிமேல்தான். அவருடைய கொள்ளுத்தாத்தா அன்றைக்கு இங்கே எருமை மேய்த்துக்கொண்டிருந்தாராம். பக்கத்தில்தான் கண்டாங் கெர்பாவ், எருமைத் தொழுவம். இன்றைக்கும் தேக்காவில் பஃபலோ ரோடு இருக்கிறதே. விமானம் நிற்காது என்று ஒரு எருமையைப் பந்தயம் வைத்தாராம். நிற்கத்தான் போவதில்லை, ஜெயித்தோம் என்று துண்டை உதறித் தோளில் போட்ட நேரத்தில் வாலில் ஒரு வெள்ளைக்காரன் ஏறி உட்கார்ந்துவிட்டான். "எங்கள் குடும்பத்தில் எல்லாப் பந்தயமும் ஜெயித்த பந்தயம்தான் மாப்ளே. கடைசி நொடியில் எவனாவது வாலில் ஏறிவிடுகிறான்" என்பார் மாமா.

ஒரு நிமிஷம், அந்த லாரி போகட்டும். சரி.

மாமா எதற்கு வேண்டுமானாலும் பந்தயம் கட்டுவார். இரண்டு லிஃப்டில் எது முதலில் வரும், மழை கோப்பிக்கடையை அடையும்போது நாம் உள்ளே இருப்போமா வெளியே இருப்போமா, அடுத்து வரும் ஆள் கோப்பி ஓ கேட்பாரா தே சி கேட்பாரா, எல்லாவற்றுக்கும். கேசினோவுக்கு மட்டும் போக மாட்டார். உள்ளூர்க்காரர்களுக்கு நுழைவுக் கட்டணமே 150 வெள்ளி. "உட்காருவதற்கு முன்னாலேயே தோற்பது பந்தய தர்மம் இல்லை" என்று ஒரு கொள்கை வைத்திருக்கிறார். நல்ல கொள்கை. அந்த 150 வெள்ளியைக் கொண்டுபோய் ஃபோர் டி வாங்குவார்.

ஃபோர் டி தெரியும்தானே? நாலு எண் லாட்டரி. புதன், சனி, ஞாயிறு, சாயங்காலம் ஆறரை மணி. 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் நம்பர், அதில் 23 நம்பருக்குப் பரிசு. நான் ஒருமுறை பேனாவும் தாளும் எடுத்து மாமாவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு வெள்ளிக்கு 'பெரியது' என்ற வகையில் வாங்கினால் முதல் பரிசு 2,000, இரண்டாவது 1,000, மூன்றாவது 490, அப்புறம் பத்து நம்பருக்கு 250, இன்னொரு பத்துக்கு 60. எல்லாம் கூட்டினால் 6,590. பத்தாயிரம் வெள்ளி போட்டு எல்லா நம்பரையும் அள்ளினாலும் கைக்கு வருவது அவ்வளவுதான். அதாவது வெள்ளிக்கு 66 காசு. மாமா தாளை வாங்கி நிதானமாகப் பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மறுநாள் போய் 6590 வாங்கினார்.

இனிமேல் ஜீவன்கள்.

முதலில் வந்தது கிளி. தேக்கா நடைபாதையில் ஜோசியம் பார்த்த பெரியவர் ஒருவர் ஓய்வு பெற்றபோது கிளியை மாமாவிடம் கொடுத்தார். மாமா சாமிப் படச் சீட்டுகளை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, பூஜ்யம் முதல் ஒன்பது வரை எழுதிய அட்டைகளை அடுக்கினார். கிளி கூண்டைவிட்டு வெளியே வரும், நாலு அட்டை எடுக்கும், நாலு நெல் தின்னும், உள்ளே போய்விடும். முதல் வாரமே எடுத்த நம்பர் முதல் பரிசு! மாமா வாங்கவில்லையா என்றால், வாங்கினார். ஒரு எண்ணை மட்டும் மாற்றி வாங்கினார். ஏன் என்றால் கூட்டுத்தொகை எட்டு வந்ததாம். எட்டு சனியாம்.

அது என்ன பழக்கமோ, ஒவ்வொரு முறையும் கடைசி நிமிஷத்தில், கவுண்டருக்கு முன்னால் இரண்டு பேர் நிற்கும்போது, மாமாவுக்கு மனசு மாறும். பேனாவை எடுப்பார். ஒரு எண்ணைத் திருத்துவார். அவ்வளவுதான், முடிந்தது.

"நாலு எண்ணையும் எல்லா விதமாகவும் இடம் மாற்றி வாங்கும் ஐபெட் போடுங்களேன் மாமா" என்றேன். "ஒரு வெள்ளியை 24 துண்டாக்கி வாங்குவதற்கு நான் என்ன தேங்காய்ச்சில்லா விற்கிறேன்?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

அப்புறம் மீன். லுவோஹான் மீன் ஞாபகம் இருக்கிறதா? நெற்றியில் பந்து மாதிரி வீங்கியிருக்குமே, விலாவில் கறுப்பாகக் கிறுக்கல் கிறுக்கலாக இருக்குமே. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் வீட்டுக்கு வீடு அதுதான், அந்தக் கிறுக்கலில் நம்பர் தெரிகிறது என்று ஆளாளுக்குத் தொட்டிமுன் உட்கார்ந்திருப்பார்கள். மாமாவின் மீன் அந்தப் பரம்பரையில் வந்ததுதான். ஆனால் கிறுக்கல் எல்லாம் கிடையாது, அச்சடித்த மாதிரி நாலு எண் தெளிவாக இருக்கும். வாரத்துக்கு மூன்று முறை மாறும். புதன், சனி, ஞாயிறு.

மாமா உற்றுப் பார்த்துப் பார்த்து மீனுக்கு வெட்கம் வந்துவிட்டது. பக்கவாட்டில் திரும்புவதே இல்லை. எந்நேரமும் முகத்தைக் காட்டிக்கொண்டே நீந்தும். மாமா விடுவாரா? நீச்சல் கண்ணாடி வாங்கி வந்தார். இதை நான் என் கண்ணால் பார்த்தேன். நாற்காலிமேல் ஏறி, சட்டையைக் கழற்றி, தொட்டிக்குள் தலையை மூக்குவரை முக்கி ஒரு கையைத் தூக்கி விரல் காட்டுவார். மூன்று விரல். ஏழு விரல், அதற்கு இன்னொரு கையும் வேண்டும், நாற்காலி ஆடும். அத்தை கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே எழுதிக்கொள்வார். மாமாவின் விபூதி கரைந்து தண்ணீர் வெள்ளையாகி, மீன் இருமியது. மீன் இருமி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

ஆமைக்கு வருகிறேன். கிராஞ்சி மூடிய பிறகு மாமா சனிக்கிழமை வந்தால் கை நடுங்க ஆரம்பித்துவிட்டார். அந்த நிலத்தில் வீடு கட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, "நான் கொடுத்த காசில்தான் அந்தப் புல்லே வளர்ந்தது, எனக்கு ஒரு மூவறை வீடு ஒதுக்க வேண்டாமா?" என்று புலம்பினார். ஏதாவது ஒன்று ஓடினால் போதும் என்ற நிலைமை. வீட்டில் ஓடக்கூடியது ஆமைதான். கடையில் விற்குமே, கன்னத்தில் சிவப்புக் கோடு போட்ட ஆமை, அதே சாதி.

எதிர்வீட்டுச் சீன அங்கிளிடம் ஒரு ரோபோ வாக்குவம் இருந்தது, வட்டமாக, தானே பெருக்கிக்கொண்டு போகுமே. பந்தயம் ஏற்பாடாகிவிட்டது. ஆமைக்கும் ரோபோவுக்கும். எட்டாவது மாடி நடைவழி, லிஃப்ட் வாசலிலிருந்து கடைசி வீட்டுச் செருப்பு அலமாரி வரை. பந்தயப் பணம் ஒரு தட்டில். அந்தத் தட்டின் மேல் பூனை.

பூனையைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே! வீவக வீட்டில், அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டில், பூனை வளர்க்கக்கூடாது என்று 1989-லிருந்து சட்டம். அத்தையின் பூனை அதுவரைக்கும் தலைமறைவு. கதவைத் தட்டினால் அரிசி வாளிக்குள் இறங்கித் தானே மூடியைப் போட்டுக்கொள்ளும். 2024 செப்டம்பரில் வீட்டுக்கு இரண்டு பூனை வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி வந்தது. உரிமம் எடுத்த நாளிலிருந்து அதன் நடையே வேறு. யார் பந்தயம் கட்டினாலும் பணத்தின்மேல் ஏறி உட்கார்ந்து நடுவராகிவிடும். மாமா கை வைத்தால் கீறும். அங்கிள் கை வைத்தால் கீறும். அத்தை வந்தால் மட்டும் நகர்ந்து கொடுக்கும். கடந்த வருஷம் அத்தை சமையலறையை முழுக்க இடித்துப் புதிதாகக் கட்டினாரே, பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

சரி, பந்தயம். ரோபோ கிளம்பியது. ஆமை தலையை நீட்டி நிலைமையைப் பார்த்தது. ரோபோ பாதி தூரம் போயிற்று, ஒரு தொட்டிச் செடியை இடித்தது, திரும்பியது, நேரே ஆமையிடமே வந்தது. ஆமை அவசரப்படவில்லை. முன்னங்காலை மேலே வைத்தது. பின்னங்காலை வைத்தது. ஏறி உட்கார்ந்துவிட்டது. ரோபோ மறுபடி திரும்பிக் கடைசி வீட்டைப் பார்த்துப் போக ஆரம்பித்தது, மேலே ஆமை, கழுத்தை நீட்டிக்கொண்டு, கோப்பை வாங்கப் போகும் ஜாக்கி மாதிரி. எல்லை வந்தது. இரண்டும் ஒன்றாகத் தாண்டின. ஆனால் ஆமையின் மூக்கு இரண்டு அங்குலம் முன்னால் இருந்தது!

அங்கிள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆமை இங்கே ஜாக்கி, குதிரை ரோபோதான், ஜாக்கி ஜெயித்தால் பணம் குதிரைக்காரனுக்கு என்றார். மாமாவோ, ஆமைதான் குதிரை, ரோபோ வெறும் தரை என்றார். நகரும் தரை. ராத்திரி பதினொரு மணி வரை வாக்குவாதம். கீழ்மாடியிலிருந்து ஒருவர் வந்து, இதெல்லாம் சட்டப்படி சரியா என்று கேட்டார். 2022 சூதாட்டச் சட்டத்தில் வீட்டுக்குள் குடும்பமும் நண்பர்களும் விளையாடலாம் என்று இருக்கிறது என்றார் மாமா. "இது வீடு இல்லை, நடைவழி. ஆமை உங்களுக்குக் குடும்பமா, நண்பரா?" என்று அவர் கேட்டார். மாமா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஜெயித்தால் குடும்பம்" என்றார். அதற்குள் பூனை தட்டோடு உள்ளே போய்விட்டது.

இப்போது முக்கியமான விஷயம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மாமா வீட்டில் இருந்தேன். கிளி வந்து நாலு அட்டை எடுத்தது. 2, 7, 6, 8. மாமா தொட்டிக்குள் தலையை விட்டு விரல் காட்டினார். 2, 7, 6, 8. ஆமை காலண்டரைத் தின்று நாலே நாலு தாளை மிச்சம் வைத்திருந்தது, தேதி 2, 7, 6, 8. மூன்று ஜீவன்களும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. வீடே அமைதியாகிவிட்டது. அத்தை கீரையைக் கீழே வைத்தார்.

"மாமா, இதை மாற்றினால் நான் உங்களோடு பேசவே மாட்டேன்" என்றேன். சத்தியம் செய்தார். கூடவே போனேன். வரிசையில் எங்களுக்குப் பின்னால் எதிர்வீட்டு அங்கிள். முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது மாமாவின் கை சட்டைப்பைக்குப் போனது. பேனா.

"மாமா!"

"இல்லை மாப்ளே, எட்டில் முடிகிறதே... எட்டில் முடியலாமா?" எட்டை அடித்தார். ஒன்பது எழுதினார். பின்னால் நின்ற அங்கிள் எட்டிப் பார்த்தார். அடித்த எட்டைப் பார்த்து அவர் கண் விரிந்தது. சீனர்களுக்கு எட்டு என்றால் லட்சுமி. "ஹுவாட் ஆ!" என்றார், அதிர்ஷ்டம் கொட்டட்டும் என்று அர்த்தம். 2768-க்கு 'சின்னது' என்ற வகையில் ஐம்பது வெள்ளி போட்டார். சின்னதில் வெள்ளிக்கு முதல் பரிசு 3,000. பெருக்கிக்கொள்ளுங்கள், ஒன்றரை இலட்சம்.

ஆறரை மணிக்கு என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். கிளி மறுநாள் காலையில் கூண்டுக் கதவைத் தானே திறந்து, நடைவழியைத் தாண்டி, எதிர்வீட்டுக்கு நடந்தே போய்விட்டது. பறக்கக்கூட இல்லை. மாமா பார்க்க வேண்டும் என்று நடந்தது.

அங்கிள் கார் வாங்கினார். கார் வைத்துக்கொள்ளும் உரிமைச் சான்றிதழான சிஓஇ-யே ஒரு இலட்சத்தைத் தாண்டுகிற ஊரில் காரில் பாதிதான் வந்திருக்கும், மீதியைக் கடனில் போட்டாராம். ஆனால் நம்பர் பிளேட்டை மட்டும் விடவில்லை. ஏலத்தில் காசு கட்டி 2768-ஐயே எடுத்தார்.

நேற்று நானும் மாமாவும் கார் நிறுத்துமிடம் வழியாக வந்தோம். அந்தக் கார் பளபளவென்று நிற்கிறது, உள்ளே ஸ்டீயரிங் மேல் கிளி. மாமா நின்றார். பிளேட்டைப் பார்த்தார். பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

"நல்ல நம்பர் மாப்ளே. புதன்கிழமைக்குப் போடலாம். அந்தக் கடைசி எட்டுதான் கொஞ்சம் உறுத்துகிறது."