ஒரு ஸ்கேல் போதும்! குளிர்காலம் முழுக்க கிடந்த மவுண்டன் பைக்கை எழுப்பலாம் வாங்க

[காட்சி: கராஜ் கதவு மேலே போகுது. மூலையில் தூசி படிந்த சைக்கிள்.]

இந்த சைக்கிள்ல நான் கடைசியா ஏறினது போன அக்டோபர்ல. இப்போ ஏப்ரல். டயர் ரெண்டும் சப்பிப் போயிருக்கு. செயினைப் பாருங்க, செம்மண் பூசின மாதிரி துரு. இதை அப்படியே கடையில கொண்டு போய் விடலாம்னுதான் தோணும். விடுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா அதுக்கு முன்னாடி, உங்க பிள்ளையோட ஸ்கூல் பையில ஒரு அடி ஸ்கேல் கிடக்கும் பாருங்க, அதை எடுத்துட்டு வாங்க. இன்னிக்கு வீடியோவே அந்த ஸ்கேலைப் பத்திதான்.

வணக்கம் மக்களே! டொராண்டோவுல இருந்து பேசுறேன். இங்க குளிர்காலத்துல ரோடெல்லாம் உப்பைக் கொட்டுவாங்க, பனி உருகணும்னு. அந்த உப்புச் சேறு கார் அடியில ஒட்டிக்கிட்டு கராஜுக்குள்ள வந்து, உருகி, ஈரமாவே கிடக்கும். பக்கத்துல நிக்குற சைக்கிளுக்கு அஞ்சாறு மாசம் கடற்கரையில நின்ன கதைதான். துருவுக்குக் காரணம் இதுதான், அதை இத்தோட விட்டுடுவோம்.

[காட்சி: நெருக்கத்தில் செயின். பழைய பிரஷ், துணி.]

முதல்ல செயினை பிரஷ் போட்டுத் துடைச்சிடுங்க. இப்போ ஸ்கேல். அங்குலம் இருக்கிற பக்கம் வேணும். செயின்ல வட்டமா தெரியுதே, அந்த பின், அதோட நடு மையத்துல பூஜ்யத்தை வைங்க. செயினை இழுத்துப் பிடிச்சுக்கோங்க. இன்னிக்கு ஓடுற சைக்கிள் செயின் கிட்டத்தட்ட எதை எடுத்தாலும் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் நடுவுல சரியா அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். அப்போ 24 கண்ணி தள்ளி இருக்கிற பின், 12 அங்குலக் கோட்டு மேலயே உக்காரணும்.

என்னோடது எங்க உக்காருதுன்னு பாருங்க. கேமராவை இன்னும் கிட்ட கொண்டு வரேன். கோட்டைத் தாண்டி நிக்குது, தெரியுதா? பதினாறுல ஒரு பங்கு அங்குலம், ஒன்றரை மில்லிமீட்டர். இவ்வளவுதான். ஆனா 11 கியர், 12 கியர் சைக்கிளுக்கு இந்த அளவு வந்தாலே செயினை மாத்திடணும். எட்டுல ஒரு பங்கு தாண்டிடுச்சுன்னா பின் சக்கரத்துல பல்சக்கரங்களை அடுக்கி வச்ச மாதிரி இருக்கே, கேசட், அதுவும் சேர்ந்து போயிடுச்சுன்னு வச்சுக்கோங்க.

எல்லாரும் "செயின் இழுத்துக்கிச்சு"ன்னு சொல்வாங்க. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான்: செயின் இழுக்கவே இல்ல! நீங்க எவ்வளவு பலமா மிதிச்சாலும் அந்த எஃகுத் தகடு நீளாது. தேயுறது உள்ள, பின்னும் தகடும் உரசுற இடத்துல. பழைய எண்ணெயும் தூசியும் சேர்ந்து ஒரு மாவு ஆகுது இல்லையா, அதை உள்ள வச்சு ஒவ்வொரு கண்ணியும் ஆட்டுக்கல் மாதிரி சுத்தி சுத்தி அரைக்குது. கணக்குப் போட்டுப் பாருங்க. ஒன்றரை மில்லிமீட்டரை 24 கண்ணிக்குப் பிரிச்சா, ஒரு கண்ணிக்கு 0.07 மில்லிமீட்டர் கூட வராது. ஒரு தலைமுடி கனம்! எறும்பு ஊரக் கல்லும் தேயும்னு சும்மாவா சொன்னாங்க? 120 கண்ணியிலயும் ஒவ்வொரு முடி கனம் தேஞ்சா, மொத்த செயினும் எட்டு மில்லிமீட்டர் நீளமாயிடுது.

இந்த செயினோட அமைப்பை 1880ல ஹான்ஸ் ரெனால்ட்னு ஒருத்தர் இங்கிலாந்துல, மான்செஸ்டர் பக்கம் உருவாக்கினார். பின்னைச் சுத்தி ஒரு குழாய், அதுமேல உருளுற ஒரு உருளை. பல்லு மேல செயின் உரசாம உருளணும்னு யோசிச்ச மனுஷன். நூத்தி நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னிக்கும் நீங்க மிதிக்கிறது அந்த யோசனையைத்தான். எனக்கு இதை நினைச்சா உண்மையிலேயே மரியாதை வருது.

நீளமான செயின் என்ன பண்ணும்? பல்லோட அடியில உக்காராம மேல ஏறி ஏறி நிக்கும். பல்லு ஒரு பக்கமா தேஞ்சு கூராகும். அப்புறம் நீங்க புது செயின் போட்டாலும் அந்தப் பல்லுல நிக்காது, வழுக்கும். போன வருஷம் எனக்கு நடந்தது இது. ஒரு கடையில மொத்தமா சரி பண்ணச் சொல்லிக் கொடுத்தேன். கழுவி, கியர் எல்லாம் அழகா வச்சுக் கொடுத்தாங்க, செயினை மட்டும் யாரும் அளக்கல. மூணாவது வாரம் டான் வேலி ஏத்தத்துல எழுந்து நின்னு மிதிக்கிறேன், செயின் வழுக்கி முட்டி போய் ஹேண்டில்பார்ல அடிச்சுது. செயின் 45 டாலர், கேசட் 140 டாலர். நேரத்தோட அளந்திருந்தா அந்த 140 மிச்சம். அதனாலதான் இவ்வளவு நேரம் இதையே பேசிட்டு இருக்கேன்.

செயின் நல்லா இருந்தா எண்ணெய் விடுங்க. ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு, பெடலைப் பின்னாடி சுத்திக்கிட்டே. பத்து நிமிஷம் விட்டு வெளிப்பக்கத்தை நல்லா துடைச்சிடுங்க. வெளியில பளபளன்னு நிக்குற எண்ணெய் தூசியைத்தான் கூப்பிடும். டபிள்யூடி-40 அடிக்கலாமான்னு கேப்பீங்க. அது 1953ல அட்லஸ் ஏவுகணையோட மேல்தகடு துருப்பிடிக்காம இருக்கச் செஞ்ச மருந்து. பேருக்கே அர்த்தம், தண்ணியை விலக்குறதுக்கான 40வது முயற்சி. ஈரத்தை எடுக்கும், துருவை இளக்கும். ஆனா செயினுக்குள்ள நிலைச்சு நிக்குற எண்ணெய் அது இல்ல.

[காட்சி: டயரைக் காதருகே வைத்து ஆட்டுதல்.]

அடுத்து டயர். டியூப் போட்டதுன்னா காத்தடிச்சு, பக்கச் சுவர்ல வெடிப்பு இருக்கான்னு பாத்தா போதும். டியூப்லெஸ்னா உள்ள சீலன்ட்னு ஒரு திரவம் ஊத்தியிருப்பாங்க, ஓட்டை விழுந்தா அதுவே அடைக்கும். சக்கரத்தைக் கழட்டி இப்படி ஆட்டுங்க. உள்ள சளசளன்னு சத்தம் வரணும். என்னோடதுல ஒண்ணும் வரல. டயரைப் பிரிச்சப்போ உள்ள இருந்து வந்தது இது... பாருங்க, ரப்பர் பந்து!

மார்த்தாண்டம் பக்கத்துல வளர்ந்த எனக்கு இதைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்துடுச்சு. பெரும்பாலான சீலன்ட் ரப்பர் பால்தான். எங்க ஊர்ல மரத்துல கீறிவிட்டு சிரட்டையில பால் பிடிப்பாங்க. எடுக்க நேரமானா அந்தப் பால் சிரட்டையிலேயே உறைஞ்சு கட்டியாயிடும். உறையாம இருக்க அமோனியா சேர்ப்பாங்க. டயருக்குள்ள நடந்ததும் அதேதான், நாலஞ்சு மாசத்துல பால் காஞ்சு உறைஞ்சிடுச்சு. முள்ளு குத்தினா அடைக்கிறதுக்கு ஒரு சொட்டு கூட மிச்சம் இல்ல. உரிச்சு எடுத்துட்டு, 29 அங்குல டயருக்கு 100 மில்லி புதுசா ஊத்தியிருக்கேன். ஒண்ணு ஞாபகம் வைங்க: வீட்டுக்குள்ள 20 டிகிரியில 25 பிஎஸ்ஐ வச்சீங்கன்னா, வெளியில ரெண்டு டிகிரி காலையில ரெண்டு, ரெண்டரை பிஎஸ்ஐ குறைஞ்சிருக்கும். காத்து ஓட்டையில போகல, குளிர்ல சுருங்கியிருக்கு.

முன் சக்கரத்தைப் பிடிச்சு நிக்குற, அதிர்ச்சி தாங்குற ஃபோர்க்குக்கு ஒரு சின்ன வேலை. சைக்கிளை கால் மணி நேரம் தலைகீழா நிறுத்துங்க. சீலுக்கு அடியில ஒரு ஸ்பாஞ்ச் வளையம் இருக்கு, கீழ தேங்கின எண்ணெய் இறங்கி அதை நனைக்கும். நிமிர்த்தினதும் பிரேக் லீவரை பத்து தடவை அமுக்கிப் பாருங்க.

பிரேக்ல மட்டும் சமரசமே வேண்டாம். எண்ணெய் அழுத்தத்துல வேலை செய்யுற டிஸ்க் பிரேக்னா லீவர் கல்லு மாதிரி நிக்கணும். பஞ்சு மாதிரி அமுங்கி ஹேண்டில்பாரைத் தொட்டா, அன்னிக்கு வண்டி எடுக்காதீங்க, உள்ள காத்து புகுந்திருக்கு. டாட் (DOT) ஆயில்ங்கிற பிரேக் எண்ணெய் போட்ட பிரேக்னா அந்த எண்ணெய் காத்துல இருக்கிற ஈரத்தையும் குடிச்சிடும். கொதிநிலை இறங்கி நீளமான இறக்கத்துல பிரேக் கைவிட்டுடும். மினரல் ஆயில் பிரேக்ல டாட் ஆயிலை ஊத்திடாதீங்க, உள்ள இருக்கிற ரப்பர் சீல் ஊதிப் போயிடும். டிஸ்க்கை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால துடைங்க. செயினுக்கு விட்ட எண்ணெய் ஒரு சொட்டு கூட அங்க படக்கூடாது.

போல்ட் எல்லாத்தையும் ஒரு சுத்து பார்த்துடுங்க. இடது பெடல் மட்டும் எதிர்த் திசையில முறுகும், மறந்துடாதீங்க.

[காட்சி: காலி பார்க்கிங். சைக்கிள் நிற்கிறது, புறப்படுகிறது, நிற்கிறது.]

இப்போ காட்டுக்குப் போகாம முதல்ல இப்படி ஒரு காலி இடத்துல ஓட்டுங்க. எழுந்து நின்னு அழுத்தி மிதிங்க, செயின் வழுக்குதான்னு பாருங்க. பத்து பதினஞ்சு தடவை வேகமா போய் பிரேக் பிடிங்க. நான் இங்க முடிச்சிட்டு க்ரோதர்ஸ் உட்ஸ் காட்டுப் பாதைக்குப் போகணும்னு துடிச்சிட்டு இருக்கேன், ஆனா போகல. பனி உருகின மண்ணு இன்னும் களியா இருக்கு. இப்போ டயர் பதிஞ்சா அந்தத் தடம் காஞ்சு வருஷம் முழுக்க அப்படியே நிக்கும், தண்ணி அதுலயே ஓடி பாதையை அரிச்சிடும். நாலு நாள் வெயில் அடிக்கட்டும்.

அதுக்குள்ள நீங்க ஸ்கேலை எடுங்க. உங்க செயின் 12 அங்குலத்தைத் தாண்டி எவ்வளவு நிக்குதுன்னு கமெண்ட்ல போடுங்க, ஒவ்வொண்ணுக்கும் நானே பதில் சொல்றேன்.